பிரைஸ் அட்டையும் குடவோலையும்

மக்களே, "அந்தக் காலத்துல பத்து பைசாவுக்கு..."ன்னு ஆரம்பிக்கிற பதிவு எதைப் படிச்சாலும் நானும் உருகிடுவேன். சவ்வு மிட்டாய்க்காரர் கையில கட்டிவிட்ட வாட்ச், கமர்கட், சேமியா ஐஸ்... எல்லாம் சரி. ஆனா அதே லிஸ்ட்ல பிரைஸ் அட்டையையும் சேர்த்து பொற்காலம்னு எழுதறீங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது!

உத்திரமேரூர் பக்கம்தான் நம்ம ஊரு. பள்ளிக்கூட வாசல்ல நெல்லிக்காய் விக்கிற ஆயா, எதிர்ல பெட்டிக்கடை. கடையில அட்டை தொங்கும். பத்து பைசாவுக்கு ஒரு சீட்டு கிழிக்கலாம், ஒண்ணாம் நம்பர் வந்தா ராட்சச பலூன். நோட்டு வாங்க அம்மா குடுத்த ரெண்டு ரூபாயையும் ஒரே நாள்ல கிழிச்சுத் தீர்த்தேன். இருபது சீட்டுக்குக் கிடைச்சது ரெண்டே ரெண்டு குட்டி பலூன். அடி கூட மறந்துபோச்சு. நோட்டுக்காக அம்மா மறுபடி கடன் வாங்கினது மறக்கல.

சில வருஷம் கழிச்சு லீவுல அதே கடையில வேலைக்கு நின்னேன். புது அட்டையை மாட்டறதுக்கு முன்னாடி, சீட்டை லேசாப் பிரிச்சுப் பார்த்து ஒண்ணாம் நம்பரை எடுத்து கல்லாவுல போட்டாங்க. என் கண்ணால பார்த்தேன்.

இதே உத்திரமேரூர் கோயில் சுவத்துல, முதலாம் பராந்தக சோழன் காலத்துல, 919, 921-ல வெட்டின குடவோலைக் கல்வெட்டு இருக்கு. குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டணும், உள்ள என்ன இருக்குன்னு தெரியாத சின்னப் பையன்தான் ஓலை எடுக்கணும், வாங்கறவர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். நிலம் வச்சிருந்த, வேதம் படிச்ச ஆம்பளைங்களுக்கு மட்டுமான தேர்தல்தான், நான் அதையும் பொற்காலம்னு சொல்லல. ஆனா சீட்டுல கை வைப்பாங்கன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. அங்க சின்னப் பையன் சாட்சி. இங்க அவன்தான் ஏமாளி.

'சின்ன வயசு விளையாட்டுதானே'ங்கறீங்களா? அட்டை வளர்ந்து லாட்டரி ஆச்சு, 2003-ல தமிழ்நாட்டுல தடை பண்ண வேண்டி வந்துச்சு. அப்புறம் செல்போனுக்குள்ள ரம்மியா வந்துச்சு, 2022-ல மாநிலமும் 2025-ல மத்திய அரசும் சட்டம் போட வேண்டி வந்துச்சு. 'அடுத்த சீட்டுல வந்துடும்'ங்கற அரிப்பை நமக்குப் பழக்கினது அந்த அட்டைதான்.

ஆயாகிட்ட பத்து பைசா குடுத்தா பத்து பைசாவுக்கு நெல்லிக்காய் கண்டிப்பா வரும், மேல ரெண்டு கொசுறும் வரும். ஏங்கறதா இருந்தா அந்தக் கொசுறுக்கு ஏங்குவோம் மக்கா.

டிஸ்கி: ஒண்ணாம் நம்பர் பலூன் நெஜமாவே விழுந்தவங்க யாராச்சும் இருந்தா பின்னூட்டத்துல வந்து என்னைத் திட்டலாம் :-)