வசதியான திருப்பயணமா?

குளிரூட்டிய பேருந்து, நட்சத்திர விடுதி, மூன்று வேளையும் நம்மூர்ச் சாப்பாடு: புனித பூமிச் சுற்றுலாவுக்கான விளம்பரங்கள் இவ்வாறே அழைக்கின்றன. இதற்குத் திருப்பயணம் என்று பெயராம்!

1523இல் எருசலேமுக்குப் புறப்பட்ட புனித இஞ்ஞாசியார், எஞ்சிய சில காசுகளையும் பார்சலோனாக் கடற்கரைப் பலகையொன்றில் விட்டுவிட்டே கப்பலேறினார். இத்தாலியில் இரந்துண்டு நடந்தார். பின்னாளில் இயேசு சபையின் நவதுறவியரும் ஒரு மாதம் பணமின்றி யாத்திரை செல்ல வேண்டுமென விதித்தார். அடுத்த வேளை உணவு எவர் வாசலில் என்றறியாதவனுக்கே பிறர் முகம் தெரியும் என்பதை அவர் பட்டறிந்திருந்தார்.

முதியோருக்கும் நோயுற்றோருக்கும் வசதி தேவைதான், மறுக்கவில்லை. ஆனால், முன்பின் அறியாதவர் நீட்டும் மோரைப் பருகி, ஆகஸ்டு வெயிலில் வேளாங்கண்ணிக்கு நடக்கும் ஏழைகளை 'படிப்பறியாப் பக்தி' என நாம் இகழ்வது எந்தத் தகுதியால்? நம் பங்கு இளைஞர்களுக்கு இவ்வாண்டும் சொகுசுப் பேருந்துதான் பேசப் போகிறோமா?