காலம் கடந்தபின் கடல் கடப்பதா?

நெடுந்தீவிலே ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். சில வாரங்களாக அவளுக்கு வயிறு உப்பிக் கிடக்கிறது. இரண்டு பிடி சோறு உண்டதும் வயிறு நிறைந்து விடுகிறது. அடிவயிற்றிலே ஓயாத நோவு. அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கிறது. “வாய்வாக இருக்கும்” என்று ஓமத்தைக் காய்ச்சிக் குடித்துவிட்டு வேலையைக் கவனிக்கிறாள். யாழ்ப்பாணம் சென்று வைத்தியரைக் காண்பதென்றால் படகேறிக் குறிகாட்டுவான் வரவேண்டும்; அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை கடந்து பண்ணைப் பாலம் வழியாகப் பட்டினம் சேரவேண்டும். ஒரு நாட் பொழுது அதற்கே போய்விடும். சோளகம் பெயர்ந்தால் கடலும் வழிவிடாது. “அடுத்த கிழமை பார்ப்போம்” என்கிறாள். அடுத்த கிழமை அடுத்த மாதமாகிறது.

அந்நோவு பெரும்பாலும் வாய்வாகவே இருக்கலாம். ஆயினும் சிலருக்கு அது சூலகப் புற்றுநோயின் முதற்குரலாக அமைந்து விடுகிறது. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 3,24,000 பெண்கள் இந்நோய்க்கு ஆளாயினர் என்றும், ஏறக்குறைய 2,07,000 பேர் இதனால் உயிர் நீத்தனர் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. நம் தீவகத்துப் பெண்கள் மட்டும் இதற்கு விலக்காவார்களா?

நெல்லின் தண்டைத் துளைக்கும் புழுவை நம் உழவர் அறிவர். பயிர் வெளியே பச்சையாக நிற்கும். உள்ளே குருத்து அறுபட்டுக்கொண்டிருக்கும். வெண்கதிர் தலைகாட்டும்போது அக்கதிரைக் காப்பதற்கு வழி இராது. இந்நோயின் போக்கும் ஏறக்குறைய அத்தகையதே. சூலகம் அடிவயிற்றின் ஆழத்தில் இருப்பதால் கட்டி வளர்வது கைக்கும் கண்ணுக்கும் தெரிவதில்லை. நோய் சூலகத்தோடு நிற்கும்போதே கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கின்றனர் என்றும், தொலைவிலுள்ள உறுப்புக்களுக்குப் பரவிய பின்னர் கண்டறியப்பட்டவர்களில் அவ்வாறு வாழ்வோர் நூற்றுக்கு முப்பது பேரளவே என்றும் அமெரிக்க நாட்டுக் கணக்கு கூறுகிறது. ஆனாற் பெரும்பாலோர் வைத்தியரிடம் வருவது பரவிய பின்னரே என்பதுதான் கொடுமை.

அறிகுறி தோன்றுமுன் ஊரிலுள்ள பெண்களையெல்லாம் சோதித்து நோயைப் பிடித்து விடலாகாதா என்று கேட்கலாம். இங்கிலாந்திலே இரண்டு இலட்சம் பெண்களைக் கொண்டு பல்லாண்டு அம்முயற்சி நடந்தது. இரத்தப் பரிசோதனையாலும் ஸ்கானாலும் இறப்பு குறையவில்லை என்பதே 2021இல் வெளியான முடிவு. நம் நாட்டிற் சுகவனிதையர் நிலையங்களில் நடைபெறும் பரிசோதனை கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கப் பெரிதும் உதவுவது. ஆனாற் சூலகத்து நோயை அது காட்டாது. ஆகவே, “அங்கே சோதித்து ஒன்றுமில்லை என்றார்கள்” என்று வாளாவிருத்தல் தவறு. உடம்பு சொல்லும் சொல்லுக்குச் செவி சாய்ப்பதே இன்று நம் கையிலுள்ள வழி. முன்பில்லாத உப்புசம், அடிவயிற்று நோவு, பசியின்மை, அடிக்கடி சிறுநீர் என்பவற்றுள் ஒன்று மாதத்திற் பன்னிரண்டு நாளுக்கு மேல் வருமாயின், சிறப்பாக ஐம்பது வயதைக் கடந்தோர், தாமதியாது வைத்தியரை நாடவேண்டும். மாதவிடாய் நின்றபின் இரத்தம் காணின் ஒரு நாளேனும் பொறுத்தலாகாது.

இந்நோய் செய்வினையால் வருவதன்று, தொற்றிப் பரவுவதுமன்று. வயது ஏறுதல் முதற் காரணம். பல வேளைகளில் இது சூலகத்தை அடுத்த பலோப்பியன் குழாயிலேயே தொடங்குகிறது என்பது அண்மைக்கால அறிவு. சில குடும்பங்களிற் பரம்பரையாக வரும் மரபணுக் குறையும் உண்டு. பொதுவாக நூறு பெண்களில் ஒருவருக்குச் சற்று மேலாகவே வாழ்நாளில் வரும் இந்நோய், அக்குறையின் ஒரு வகையை உடையோரில் நாற்பது பேரளவுக்கு வருகிறது. தாய்க்கோ சகோதரிக்கோ சூலகத்திலோ மார்பிலோ புற்றுநோய் வந்திருப்பின் அதை வைத்தியரிடம் மறைக்கலாகாது. மகளுக்குச் சம்பந்தம் தடைப்படும் என்றஞ்சி மறைப்பவர் அம்மகளின் உயிரையே பணயம் வைப்பவராவர்.

புற்றுநோய் என்றதும் கைகழுவும் காலமும் இதுவன்று. சத்திரசிகிச்சையாற் கட்டியை இயன்றளவு முற்றாக அகற்றி, காபோபிளாற்றின், பக்ளிற்றாக்செல் ஆகிய மருந்துகளை ஏற்றுவதே பெரும்பான்மையோர்க்குரிய சிகிச்சை. பரவிய நிலையிலும் ஆயுள் நீள்கிறது. இளம் பெண்களுக்கு வரும் சில வகைகள் பெரும்பாலும் முற்றாகக் குணமாவன. பின்னர் மகப்பேறு அடைந்தோரும் உளர்.

முன்னர் இதற்காக மகரகமைக்கு ஓட வேண்டியிருந்தது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தோர் திரட்டிய நிதி தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலையை எழுப்ப உதவியது. நாட்டின் தென்முனையிலிருந்து வடமுனை வரை மனிதர் நடந்து நமக்காக ஒரு வைத்தியசாலையைத் தந்தனர். ஆனால் அதன் வாயிலுக்கு நெடுந்தீவுப் பெண் வந்து சேர்வதற்கு இடையே கடல் கிடக்கிறதே! அக்கடலைச் சுருக்குவது யார் கடமை?

அரசிடமும் மாகாண சுகாதாரத் துறையிடமும் நாம் கேட்பன மூன்று. பெண்நோய் வைத்திய நிபுணர் ஸ்கான் கருவியோடு குறித்த நாளில் ஒவ்வொரு தீவுக்கும் வரவேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் வீடு செல்லும்போது பிள்ளை பெறும் வயதைக் கடந்த பெண்களையும் இவ்வறிகுறிகள் பற்றி விசாரிக்க வேண்டும். சிகிச்சைக்காகப் பலமுறை கடல் கடக்கும் நோயாளிக்கும் துணைவருக்கும் பயணச் செலவும் தங்குமிடமும் அளிக்கவேண்டும். இவை சலுகைகளல்ல, உரிமைகள்.

ஆடவரிடம் ஒன்று கேட்கிறோம். வீட்டிலே பெண் தன் நோவைச் சொல்லத் தயங்குவாள். சொன்னாலும் செலவை எண்ணி அடக்கிக்கொள்வாள். “வாய்வு” என்று அவள் மூன்றாம் கிழமையும் சொன்னால், அறுவடை கிடந்தாலும் வலை கிடந்தாலும் நாளைக் காலைப் படகில் அவளோடு ஏறுங்கள். காலம் இருக்கையிற் கடக்கும் கடல் சிறியது.