அயோடினும் எலுமிச்சையும் ஆண்டிஆக்சிடண்ட் மாத்திரையும்



ஆண்டிஆக்சிடண்ட் என்னும் சொல் நம் தெப்ராவ் வட்டாரத்துப் பெற்றோர்களிடையே இப்பொழுது பெருஞ்செல்வாக்குப் பெற்றிருக்கிறது. தமிழில் இதனை உயிர்வளியேற்றத் தடுப்பி எனலாம். மங்குஸ்தீன் தோல் சாறு, திராட்சை விதைச் சத்து, வைட்டமின் சி, வைட்டமின் ஈ எனப் பல உருவங்களில் இது நேரடி விற்பனையாளர் வழியாக வீட்டுக்குள் நுழைகிறது. மாதம் இருநூறு, முந்நூறு வெள்ளியை இதற்காகவே ஒதுக்கும் குடும்பங்களை நான் அறிவேன். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்ததும் 'பத்து நிமிட நலவாழ்வு விளக்கம்' என்று தொடங்கி, முன்பதிவுப் பாரத்தில் கையொப்பம் வாங்குவதில் முடியும் நிகழ்ச்சிகளையும் கண்டிருக்கிறேன். இது பற்றி என் கருத்தை வெளிப்படையாகக் கூற விரும்புகிறேன்.

முதலில், அந்த விளக்கத்தில் தவறாமல் இடம்பெறும் சோதனை. கண்ணாடிக் குவளையில் நீர். அதில் புண்ணுக்குப் போடும் அயோடின் சில துளிகள். நீர் பழுப்பாகிறது. "இதுதான் உங்கள் உடம்பு, இந்தக் கறைதான் நச்சு" என்கிறார் விற்பனையாளர். மாத்திரையைக் கரைத்து ஊற்றுகிறார். நீர் தெளிகிறது. மண்டபம் கைதட்டுகிறது.

சோதனை பொய்யன்று. வைட்டமின் சி அயோடினுக்கு மின்னணுக்களைக் கொடுக்கிறது. அயோடின் நிறமற்ற அயோடைடாக மாறுகிறது. அவ்வளவுதான் அங்கே நடப்பது. ஆனால் எந்த 'நச்சும்' வெளியேறவில்லை என்பதைக் கவனியுங்கள். அயோடின் அதே குவளையில்தான் இருக்கிறது, நிறம் மட்டுமே போயிற்று. எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தாலும் இதே விளைவு கிட்டும். ஆசிரியர்கள் இதனை வகுப்பில் செய்து காட்டலாம். மாணவர்கள் வீட்டில் போய்ச் சொல்லட்டும். குவளையில் நிகழ்வது உடலில் அப்படியே நிகழும் என்பதற்கு இச்சோதனை சான்றாகாது. உடலுக்குத் தேவைக்கு மிஞ்சிய வைட்டமின் சி பெரும்பாலும் சிறுநீருடன் போய்விடுகிறது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? 1956ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர் டென்ஹம் ஹார்மன் ஒரு கருத்தை வெளியிட்டார். உடலில் தோன்றும் ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகள் உயிரணுக்களைச் சிதைப்பதே மூப்புக்குக் காரணம் என்றார். பின்னர், நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங் வைட்டமின் சியைப் பேரளவில் உட்கொள்ளும்படி பரிந்துரைத்தார். பழமும் காய்கறியும் மிகுதியாக உண்போருக்கு இதயநோயும் சில புற்றுநோய்களும் குறைவு என்பதும் ஆய்வுகளில் தெரிந்தது. அப்படியாயின் பழத்தில் உள்ள சத்தைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்கினால் அதே நன்மை கிட்டுமன்றோ? கேட்பதற்கு மிக நியாயமான கேள்வி. அதனாலேயே பெருஞ்செலவில் அதனைச் சோதித்தும் பார்த்தார்கள்.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை நாள்தோறும் 20 மில்லிகிராம் மாத்திரையாக உட்கொண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது! ஏதோ தற்செயல் என்று எண்ணியோரும் உண்டு. ஆனால் புகைபிடிப்போர், முன்பு புகைபிடித்தோர், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் ஆகிய 18,314 பேரிடம் அமெரிக்காவில் நடந்த மற்றோர் ஆய்விலும், பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏயும் உட்கொண்டோரிடம் அந்நோய் 28 விழுக்காடு கூடிற்று. 1996 சனவரியில், திட்டமிட்ட காலத்துக்கு 21 மாதங்கள் முன்னதாகவே அதனை நிறுத்திவிட்டார்கள். 2012இல் காக்ரேன் குழுவினர் 78 ஆய்வுகளை, ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரை, ஒருசேர மதிப்பிட்டனர். இம்மாத்திரைகள் ஆயுளை நீட்டிப்பதாக எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் இறப்பைச் சற்றே கூட்டக்கூடும் என்றே தெரிந்தது.

காரணம் முற்றிலும் விளங்கிவிட்டது என்று கூற இயலாது. ஆயினும் ஒன்று தெளிவு. ஃப்ரீ ராடிக்கல்கள் வெறும் பகைவர் அல்ல. நம் வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்வதற்கு அவற்றையே ஆயுதமாகப் பயன்படுத்துகின்றன. உடற்பயிற்சியின்போது தோன்றுபவை உடலைத் தட்டியெழுப்புகின்றன. 2009இல் செருமானிய ஆய்வாளர்கள் ஏறத்தாழ நாற்பது இளைஞர்களை நான்கு வாரம் பயிற்சி செய்ய வைத்தார்கள். பயிற்சியால் இன்சுலின் நன்றாகச் செயற்படத் தொடங்கியது. வைட்டமின் சியும் ஈயும் சேர்த்து உட்கொண்டவர்களிடமோ அந்த முன்னேற்றம் தென்படவில்லை. இனிப்பு நீர் உள்ளவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

பயனே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, சொல்லாமல் விட்டால் நடுநிலை ஆகாது. முதுமையில் வரும் ஒருவகை விழித்திரைச் சிதைவு நடுத்தர நிலையை எட்டியவர்களுக்கு, வைட்டமின் சி, ஈ, துத்தநாகம் முதலியவை அடங்கிய குறிப்பிட்ட கலவை, நோய் முற்றும் வாய்ப்பை ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைத்தது என 2001இல் கண்டறிந்தனர். நம் நாட்டிலும் ஒரு நல்ல முயற்சி நடந்தது. செம்பனை எண்ணெயில் உள்ள டோகோட்ரியினோல் என்னும் வைட்டமின் ஈ வகையைப் பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தினர் 121 பேரிடம் இரண்டாண்டுகள் சோதித்து 2014இல் வெளியிட்டனர். மூளையின் வெண்பகுதியில் இருந்த சிதைவுகள் அதனை உட்கொண்டோரிடம் பெருகவில்லை, மற்றவரிடம் பெருகின. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் 121 பேர், இரண்டு ஆண்டு, மூளைப் படத்தில் தெரிந்த வேறுபாடு. பக்கவாதம் வராது என்று இதிலிருந்து எவரும் உறுதி கூற முடியாது. விற்பனையாளர் கூறுகிறார்.

என் கவலை பணத்தைப் பற்றியது மட்டுமன்று. நம் நாட்டில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. ஆறு பேரில் ஒருவர்! நம் சமூகத்தில் இதன் கொடுமையை நான் விளக்க வேண்டியதில்லை. என்னிடம் பயிலும் ஒரு மாணவியை வளர்த்து வந்த பாட்டி, "மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், இந்தச் சாறே போதும்" என்று விற்பனையாளர் சொன்னதை நம்பி, அரசாங்க மருந்தகத்தில் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். சில மாதங்களில் காலில் புண். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அம்மருந்தகத்தில் குடிமக்கள் ஒரு வெள்ளி கட்டி மருத்துவரைப் பார்த்து மருந்தும் பெறலாம். சாறு ஒரு போத்தல் நூற்றைம்பது வெள்ளி. பேத்தி இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை.

சட்டம் இதனை அனுமதிக்கவில்லை என்பதைப் பலர் அறியார். 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், நீரிழிவு, புற்றுநோய், இதயநோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளிட்ட 20 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. பதிவு பெற்ற பொருளின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். அதன் இறுதியில் என் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது ஊட்டத் துணைப்பொருள். டி என்றிருந்தால் பாரம்பரிய மருந்து. பதிவெண் இருப்பது நோயைத் தீர்க்கும் என்பதற்கான சான்றிதழ் அன்று. அவ்வெண்ணே இல்லாத சாறு பெரும்பாலும் உணவுப் பொருள் மட்டுமே. ஆரஞ்சுச் சாற்றுக்கு இல்லாத மருத்துவத் தகுதி அதற்கும் இல்லை.

ஆசிரிய நண்பர்களுக்குத் தனியே ஒரு சொல். நம்மில் சிலர் இவற்றை விற்கிறோம். துறைத்தலைவரின் அனுமதியின்றி அரசு ஊழியர் வெளிவேலை செய்யலாகாது என்று 1993ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகள் கூறுகின்றன. அனுமதி இருந்தாலும், நம் மாணவரின் பெற்றோரிடம் விற்பது முறையன்று என்பதே என் நிலைப்பாடு. தம் பிள்ளையின் வகுப்பாசிரியர் நீட்டும் பாரத்தை மறுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? அவர் வாங்குவது மாத்திரையின் மீதுள்ள நம்பிக்கையாலன்று, 'சார் சொன்னார், டீச்சர் சொன்னார்' என்பதற்காகவே.

ஆகவே, வரும் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை முன்மொழியவிருக்கிறேன்: பள்ளி வளாகத்தில் ஊட்டப்பொருள் விற்பனையோ விளக்கமோ கூடாது, நலவாழ்வு உரை வேண்டுமெனில் அரசாங்க மருந்தகத்திலிருந்து உணவியல் அலுவலரை அழைக்க வேண்டும். வழிமொழிய விரும்பும் பெற்றோர்கள் கூட்டத்திற்கு முன்னரே செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். அன்று நான் ஓர் அயோடின் புட்டியும் நான்கு எலுமிச்சையும் கொண்டு வருவேன்.