பந்துக்கு மூடும் கடை, பிள்ளைக்கு மூடாதா?

ஊருக்கெல்லாம் விடுமுறை என்றால், வியாபாரிக்கு அது சரக்கு இறக்கும் நாள். பள்ளிக்கூடம் மூடிய மறுநாளே ஐஸ் பெட்டி நிரம்பியிருக்க வேண்டும். திறப்பதற்குள் நோட்டுப் புத்தகம் வந்து இறங்க வேண்டும். வில்லியனூரில் கேட்கவே வேண்டாம். ஈஸ்டர் முடிந்ததும் லூர்து மாதா திருவிழா. அதன் களைப்பு தீர்ந்து சில வாரங்களில் திருக்காமீசுவரர் தேர். பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலந்தொட்டு கவர்னரே வந்து வடம் பிடிக்கும் தேர் அது. கவர்னருக்குக் கூட நேரம் கிடைக்கிறது. கடைத்தெருவில் இருக்கும் நம்மவர், கல்லாவில் இருந்தபடியே எட்டிப் பார்த்து ஒரு கும்பிடு போடுவதோடு சரி.

தப்பித் தவறி ஒரு நாள் குடும்பத்தோடு வெளியே கிளம்பினால் அது தனிக் கூத்து. பாகூரிலிருந்து நோணாங்குப்பம் படகுத்துறைக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் சுண்ணாம்பாற்றைப் பார்ப்பார்கள். நம்மவர் தண்ணீர் பாட்டில் விற்கும் கடையைப் பார்ப்பார். "ஒரு பெட்டிக்கு இவனுக்கு என்ன நிற்கும்?" என்று மனக்கணக்கு ஓடும். படகில் ஏறினதும் செல்போனை எடுத்து, கடையில் மாட்டிய காமிராவைப் பார்ப்பார். "ஏங்க, தண்ணியப் பாருங்க" என்று வீட்டுக்காரம்மா சொன்னால், "பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன், பையன் இன்னும் குடத்துல தண்ணி பிடிக்கல" என்பார். மதியச் சாப்பாட்டுக்குள் ஏதோ அவசர வேலை வந்துவிடும். எல்லோரும் வீடு திரும்பியாக வேண்டும்.

வில்லியனூரை அடுத்த ஊசுட்டேரி 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எங்கிருந்தோ கிளம்பிக் கடல் தாண்டிப் பறவைகள் அங்கே வருகின்றன. பத்து நிமிஷத் தூரத்தில் இருக்கும் வியாபாரிக்குத்தான் வழி தெரியவில்லை. பாகூர் மூலநாதர் கோயில் சோழர் காலத்துக் கற்றளி. அதன் அடிப்பகுதியில் உள்ள சின்னஞ்சிறு நடனச் சிற்பங்களைப் படம் பிடிக்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். வந்தவர்கள் நம் கடையில் வழி கேட்கிறார்கள். நாம் கையை நீட்டி வழி காட்டுவதோடு நமது உல்லாசப் பயணம் முடிந்துவிடுகிறது.

சிரிப்பை ஒதுக்கி வைத்து யோசிப்போம். 1964-ஆம் ஆண்டு புதுச்சேரி கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் கடைச் சிப்பந்திக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தருகிறது, தரத்தான் வேண்டும். ஆனால் முதலாளியைப் பிடித்து வீட்டுக்கு அனுப்புவார் யாருமில்லை. அவரோடு சேர்ந்து அவர் மனைவியும் கல்லாவில் உட்காருகிறார். விடுமுறையில் பிள்ளை பொட்டலம் கட்டுகிறான். கடை என்றாலே ஓய்வில்லாத இடம் என்று பத்து வயதில் மனத்தில் பதிந்துவிட்டால், படித்து முடித்தபின் அவன் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பானா? "எனக்கப்புறம் கடையைப் பார்க்க ஆளில்லை" என்று பின்னால் வருந்திப் பயனில்லை.

ஏன் மூடுவதில்லை என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒரே பதில்: "நான் மூடினால் எதிர்க்கடைக்காரர் திறந்திருப்பாரே!" எதிர்க்கடைக்காரரைக் கேட்டால் அவரும் அதையே சொல்கிறார். இப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் வருஷம் முழுக்கக் காவல் காக்கிறோம்.

ஆனால் புதுவையில் பந்த் என்று யாராவது அறிவித்தால் என்ன செய்கிறோம்? காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மொத்தக் கடைத்தெருவும் ஷட்டரை இறக்குகிறது. அதனால் வியாபாரம் அழிந்தா போயிற்று? முதல் நாள் சாயங்காலமே ஜனங்கள் வந்து அரிசி, பருப்பு, காய்கறி வாங்கிக்கொண்டு போகிறார்கள். எல்லோரும் சேர்ந்து மூடும்போது வாடிக்கையாளர் எதிர்க்கடைக்கு ஓடுவதில்லை. ஒரு நாள் முன்னதாக நம்மிடமே வருகிறார். யார் யாருக்காகவோ மூடத் தெரிந்த நமக்கு, நம் வீட்டுப் பிள்ளைகளுக்காக மூடத் தெரியாதா?

தமிழ்நாட்டில் மே 5 வணிகர் தினம். அன்று கடையடைத்துவிட்டு மாநாட்டுக்குப் போவது வழக்கம். அது சங்கத்தின் பலத்தைக் காட்டும் நாள். நாம் கேட்பது மேடையும் மைக்கும் இல்லாத ஒரு நாள். கோடை விடுமுறையில், திருவிழா நாட்களைத் தவிர்த்து ஒரு தேதியைச் சங்கம் குறிக்கட்டும். மருந்துக் கடைக்கும் பாலுக்கும் விலக்கு உண்டு. அன்றாடக் கூலி வாங்கி அன்றாடம் சமைப்பவர்கள் தவிக்காமல் இருக்க, ஒரு வாரம் முன்பே கடைதோறும் அட்டை தொங்கவிடுவோம். கையில் காசில்லாதவருக்கு முதல் நாளே கடன் நோட்டில் எழுதிக் கொடுத்தனுப்புவோம். அவர்கள் நம் பழைய வாடிக்கையாளர்கள்தானே. பாதி ஷட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்வாசல் வியாபாரம் பார்ப்பதில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் இது நடக்கும்.

அடுத்த பொதுக்குழுவில் இதைப் பொருளாக எடுத்துப் பேசுவோம். தேதி முடிவானபின் உறுப்பினர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: அன்றைக்கு ஊசுட்டேரிக் கரையில் சந்தித்துக்கொண்டால் மிளகாய் விலை கேட்காதீர்கள். பறவையைப் பாருங்கள். மறுநாள் கடை திறந்தபின் விலை பேசிக்கொள்ளலாம்.