சைலன்சருக்குப் பணம் உண்டு, செயினுக்கு எண்ணெய் இல்லை

எங்கள் செம்மண்டலத்தில் இப்போது தெருவுக்கு ஒரு 'அட்வெஞ்சர் பைக்' நிற்கிறது. உயரமான வண்டி, முன்னால் பெரிய சக்கரம், பின்னால் இரண்டு பக்கமும் தகரப் பெட்டி, ஹேண்டில்பாருக்குக் கீழே கூடுதலாக இரண்டு விளக்கு. லடாக் போகப் போகிறதாம். இப்போதைக்கு பாரதி சாலையில் டீ குடிக்கப் போய் வந்துகொண்டிருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. நாமும் ஒரு காலத்தில் ராஜ்தூத்துக்கும் ஜாவாவுக்கும் ஏங்கியவர்கள்தானே.

என் கோபம் வேறு. வண்டியை மாற்றி அமைப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. பராமரிக்காத வண்டிக்கு அலங்காரம் செய்வதுதான் தப்பு என்கிறேன். அந்த அலங்காரத்துக்குப் பணம் கொடுப்பது பல வீடுகளில் நம்மைப் போன்ற பென்ஷன்காரர்கள். அதனால் இதைப் பிள்ளைகளுக்காக எழுதவில்லை. உங்களுக்காக எழுதுகிறேன்.

என் தங்கை மகன் பழைய ஹிமாலயன் ஒன்று வாங்கினான். ஆறு மாதத்தில் பெட்டி, விளக்கு, சத்தம் போடும் சைலன்சர் என்று நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் செலவு. பாதிக்கு மேல் அவன் அப்பாவின் ஓய்வுப் பணம். ஒருநாள் வண்டி எங்கள் வாசலில் நின்றபோது குனிந்து பார்த்தேன். செயின் துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்குகிறது. ஸ்ப்ராக்கெட் பல்லெல்லாம் தேய்ந்து முள்ளாகி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பின் பிரேக் பேட் தகடு தெரியத் தேய்ந்துவிட்டது. கேட்டால், "அதெல்லாம் சர்வீஸ்ல பாத்துப்பாங்க மாமா" என்கிறான். சர்வீஸ் பில்லை வாங்கிப் பார்த்தேன். மூன்று முறையும் செயின் சுத்தம் செய்ததாக எழுதிப் பணம் வாங்கியிருந்தார்கள்!

எண்பது கிலோமீட்டர் வேகத்தில் செயின் அறுந்தால் என்ன ஆகும் தெரியுமா? பின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு சக்கரத்தையே பூட்டிவிடும். இல்லாவிட்டால் இன்ஜின் கூட்டை அடித்து உடைக்கும். சிதம்பரம் சாலையில் பின்னால் லாரி வரும்போது அது நடந்தால் லடாக்கும் இல்லை, வீடும் இல்லை.

இந்த வண்டியின் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து புல்லட் செய்யத் தொடங்கி, திருவொற்றியூரில் வேரூன்றிய அதே கம்பெனிதான் 2016-ல் ஹிமாலயனை வெளியிட்டது. 411 சி.சி. இன்ஜின். முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17. தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் 220 மில்லிமீட்டர் இடைவெளி. முன் சஸ்பென்ஷன் 200 மில்லிமீட்டரும் பின்னது 180 மில்லிமீட்டரும் ஏறி இறங்கும். 2023 கடைசியில் 452 சி.சி.யில் புது ஹிமாலயன் வந்தது. குண்டும் குழியுமான மலைச்சாலைக்கென்றே பொறியாளர்கள் கணக்குப் போட்டுச் செய்த வண்டி இது. கேப்பர் மலை ஏறுவதற்கு இதில் எதையும் கழற்றி மாட்ட வேண்டியதில்லை.

ஆனால் பிள்ளைகள் முதலில் கை வைப்பது சைலன்சரில். குழாயை முழுசாக மாற்றும்போது புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டரும் சேர்ந்து போய்விடுகிறது. எவ்வளவு பெட்ரோல் கொடுப்பது என்று இன்ஜினுக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார் குழம்புகிறது. கிடைப்பது சத்தம் மட்டும்தான், வேகம் இல்லை. மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனை வாசலிலும் அதே முழக்கம்தான். உள்ளே நெஞ்சுவலியோடு படுத்திருப்பவர் யாராக இருந்தால் இவர்களுக்கு என்ன?

அடுத்தது விளக்கு. நாற்பது வாட் விளக்கு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட ஏழு ஆம்பியர் இழுக்கும். அதை ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் ஹாரன் வயரிலிருந்து இழுத்துக் கொடுக்கிறார்கள். வயர் சூடாகி உருகினால் நடுவழியில் ஹெட்லைட்டும் சேர்ந்து அணையும். எதிரே வருகிறவர் கதியையும் யோசியுங்கள். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட நம் கண்ணில் அந்த வெள்ளை வெளிச்சம் அடித்தால் இரண்டு நொடிக்குச் சாலையே தெரிவதில்லை.

மூன்றாவது பெட்டி. வண்டியே இருநூறு கிலோவை ஒட்டி நிற்கிறது. பின் சக்கரத்துக்கும் பின்னால், உயரத்தில் பாரத்தை ஏற்றினால் முன்சக்கரம் லேசாகிவிடும். வேகம் போகும்போது ஹேண்டில் ஆடும். பெட்டி வைப்பதானால் கனமான சாமானைக் கீழேயும் முன்னால் தள்ளியும், இரண்டு பக்கமும் சமமாக வைக்க வேண்டும். மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றத் தெரிந்த நம் தாத்தாக்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கப் போகும்போது இதுவே முதல் கேள்வியாகவும் வரலாம்.

நம் ஊருக்கு உண்மையில் என்ன தேவை? தேவனாம்பட்டினம் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. ஸ்போக்ஸ் கம்பி, செயின், போல்ட் எல்லாவற்றையும் அது அரிக்கிறது. கடற்கரைக்குப் போய்வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகு செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். இந்தக் காலத்துச் செயினில் கண்ணிகளுக்கு நடுவே ரப்பர் வளையம் இருக்கிறது. பெட்ரோல் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் அது போய்விடும். சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பதைப் பார்த்தவர்கள் நாம். அந்த வேலை ஸ்போக்ஸ் சக்கரம் உள்ள இந்த வண்டிக்கும் உண்டு. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் காட்டுச் செம்மண் புழுதியில் ஓடினால் ஏர் ஃபில்டரை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால், மலை இறக்கத்தில் சூடேறும்போது பிரேக் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது.

இன்னொன்று வெள்ளம். 2015-ஐ நாம் மறக்க முடியுமா? தண்ணீரில் மூழ்கிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யவே கூடாது. இன்ஜினுக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் சாவியில் கை வைக்க வேண்டும். லடாக் ஆற்றைக் கடக்கும் வீடியோவை நூறு முறை பார்த்த பிள்ளைக்கு, கெடிலம் பெருகினால் என்ன செய்வதென்று தெரியவில்லை. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதைதான்.

"அப்படியானால் கம்பெனி கொடுத்ததைத் தொடவே கூடாதா?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். இன்னும் சிலர், "தொட்டாலே குற்றம்" என்று பிள்ளைகளைத் திட்டுவார்கள். இரண்டும் சரியில்லை. 1980-ல் வந்த டி.வி.எஸ். 50-ஐ நம் ஊர்க்காரர்கள் என்னவெல்லாம் செய்தார்கள்! முதுநகரில் மீன் கூடைக்குக் கேரியர், பால்காரருக்கு இரண்டு பக்கமும் கொக்கி, பலாப்பழ வியாபாரிக்கு அகலமான இரும்புச் சட்டம். இந்த மாவட்டத்தின் அசல் அட்வெஞ்சர் வண்டி அதுதான் என்பேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஒரு வேலை இருந்தது. அந்த வண்டியை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதனால் ராத்திரி செயினுக்கு எண்ணெய் விடாமல் அந்த மனிதர்கள் படுத்ததில்லை.

ஹிமாலயனுக்கும் அதே அளவுகோல்தான். கல் அடிக்காமல் இன்ஜினுக்குக் கீழே ஒரு தகடு, கீழே விழுந்தால் விரலையும் லீவரையும் காக்கும் கைக்காப்பு, பஞ்சர் போடும் சாமான், காற்றடிக்கும் சின்ன பம்பு. இவற்றுக்குப் பணம் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். நல்ல டயருக்கும் ஹெல்மெட்டுக்கும் கேட்காமலே கொடுங்கள்.

மற்றதற்குக் கை நீட்டும்போது மட்டும் வண்டியை வாசலில் நிறுத்தச் சொல்லுங்கள். செயினைத் தொட்டுப் பாருங்கள். பிரேக் பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பதில் தெரியாத பிள்ளைக்கு சைலன்சர் வாங்கிக் கொடுப்பது பாசம் ஆகாது. எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொல்கிற பிள்ளை சைலன்சர் கேட்டு வரவும் மாட்டான் என்பது என் அனுபவம்.

தங்கை மகன் இப்போது புது செயின் செட்டும் பிரேக் பேடும் போட்டிருக்கிறான். கம்பெனி சைலன்சரும் திரும்ப ஏறிவிட்டது. எல்லாவற்றுக்கும் ஆன செலவு அந்தத் தகரப் பெட்டிகளின் விலையைவிடக் குறைவு.