அடிதான் அடக்கியதா?

"அடியாத மாடு படியாது" என்பதைப் பிள்ளை வளர்ப்புக்கும் சேர்த்துச் சொல்வது புத்தளம் கரையோரத்தில் கற்பிட்டி முதல் சிலாபம் வரை வழக்கம். இரண்டு மூன்று வயதுப் பிள்ளை அடம்பிடித்துக் கத்தினால் முதுகில் ஒன்று போட வேண்டும், இல்லாவிட்டால் தலைக்குமேல் ஏறிவிடும் என்கிறார்கள். இப்படிச் சொல்பவர்கள் பாசமில்லாதவர்கள் அல்லர். கண்டதைத்தான் சொல்கிறார்கள்: அடி விழுந்தது, அழுகை நின்றது. ஆனால் அடியால்தான் நின்றதா?

ஆகஸ்ட் மாதத்துத் தலவில திருவிழாவை எடுத்துக்கொள்வோம். பஸ் நெரிசலில் வந்து, பகல் தூக்கம் தப்பி, சுடுமணலில் நடந்து களைத்த பிள்ளை, கடையில் தொங்கும் பிளாஸ்டிக் லொறியைக் கண்டு கை நீட்டுகிறது. இல்லை என்றதும் தரையில் விழுந்து காலை உதைக்கிறது. சனம் திரும்பிப் பார்க்கிறது. தாய் கெஞ்சுகிறாள், பிறகு பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று மிரட்டுகிறாள், அதுவும் பலிக்காதபோதுதான் அடி விழுகிறது. அதற்குள் சில நிமிடங்கள் கழிந்திருக்கும். அமெரிக்க ஆய்வாளர்கள் மைக்கேல் பொட்டேகலும் ரிச்சர்ட் டேவிட்சனும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளின் இத்தகைய ஆர்ப்பாட்டங்களில் நான்கில் மூன்று ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. கோபம் சட்டென்று ஏறி, தானே இறங்குகிறது. ஓயப்போகிற நேரத்தில் விழுந்த அடிக்குத்தான் நாம் அந்தப் பெருமையைக் கொடுக்கிறோம். உணர்ச்சியை அடக்கி ஆளும் மூளைப் பகுதி முதிர இன்னும் பல வருடங்கள் ஆகும். அந்த வயதுப் பிள்ளை வேண்டுமென்று செய்வதாக எண்ணுவதே தவறு.

"இன்றைக்கு அடித்தால் நாளைக்குச் செய்யாது" என்பது அடுத்த வாதம். 75 ஆய்வுகளில் இடம்பெற்ற ஏறத்தாழ 160,000 பிள்ளைகளின் தரவுகளை எலிசபெத் கெர்ஷொஃபும் அன்ட்ரூ குரோகன்-கெய்லரும் 2016இல் தொகுத்தார்கள். அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனநலக் குறைகளும் கூடுதலாகவே காணப்பட்டன. குழப்படிக்காரப் பிள்ளைதானே அதிகம் அடி வாங்கும், அப்படியானால் எது காரணம், எது விளைவு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மூன்று வயதில் பிள்ளைக்கு ஏற்கனவே இருந்த முரட்டுத்தனத்தையும் கணக்கில் எடுத்தது. அப்படியும், மூன்று வயதில் அடிக்கடி அடி வாங்கியவர்கள் ஐந்து வயதில் கூடுதல் முரடாக இருந்தார்கள். "நாங்களும் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்" என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: உங்களை ஆளாக்கியது அடியோடு கூடவே கிடைத்த சோறும் அணைப்பும் காவலும்.

அடிக்காவிட்டால் செல்லம் கொடுத்துக் கெடுப்பதாகிவிடாதா? இந்தக் கவலையில் உண்மை உண்டு. தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருக்க, அம்மம்மாவோ உம்மும்மாவோ வளர்க்கும் வீடுகளில் அழுகையை நிறுத்தும் சுலபமான வழி ஒரு டொபி, அல்லது கையில் ஒரு ஃபோன். பத்துத் தடவை மறுத்துப் பதினோராவது தடவை கொடுத்தால், பதினொரு தடவை கத்த வேண்டும் என்பதைப் பிள்ளை படித்துக்கொள்கிறது. ஆகவே இல்லை என்றால் இல்லைதான். அதை அடிக்காமலே சொல்லலாம். தூக்கி ஓரமாக நிழலுக்குக் கொண்டுபோய், தலையில் அடிபடாமல் பார்த்து, அதிகம் பேசாமல் பக்கத்தில் இருந்தால் போதும். தணிந்ததும் தண்ணீர் கொடுத்து அணைத்துக்கொள்ளலாம். லொறி மட்டும் வாங்க வேண்டாம். அதைவிட நல்லது, சாப்பிட வைத்துத் தூங்க வைத்து வெயில் தாழ்ந்தபின் கூட்டிப்போவது.

கடலுக்குள் ஓடும் பிள்ளையைக்கூட அடிக்கக் கூடாதா என்பதுதான் உடப்பு, கற்பிட்டிப் பக்கத்துப் பெற்றாரின் வலுவான கேள்வி. அங்கே பிள்ளையைக் காப்பாற்றுவது எட்டிப் பிடித்த கைதான். பிடித்த பிறகு விழும் அடி அல்ல. வலி பயத்தைத் தரும், ஆனால் அலையின் ஆபத்தை இரண்டு வயதுக்கு விளங்கவைக்காது. அந்த வயதுக்கு வேலியும் பெரியவர் கண்ணும்தான் பாதுகாப்பு.

பாடசாலையில் உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005லும் 2016லும் சுற்றறிக்கை விட்டது. ஆசிரியர் அறைந்து செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், அவனது அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. பதினைந்து வயது மாணவனுக்குக் கூடாத அடி, தன் மனக்குறையைச் சொல்ல வார்த்தையே போதாத இரண்டு வயதுக்கு எப்படிப் பொருந்தும்?

ஆர்ப்பாட்டம் அடிக்கடி வந்து வெகுநேரம் நீடித்தாலோ, பிள்ளை தன்னையே காயப்படுத்தினாலோ, பேச்சு பிந்தினாலோ கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். பார்த்து நிற்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தாயை அடிக்கத் தூண்டுவதில் சுற்றியிருப்போரின் பார்வைக்கும் பங்குண்டு. "ரெண்டு போடு" என்று சொல்லாதீர்கள். அவள் கைப்பையை வாங்கிப் பிடியுங்கள், வழி விடுங்கள்.