ரயில் பெட்டி மாதிரி நீளும் பார்க் இடம்: நிழல் தருமா? குடிமகன்கள் கூடாரமா?

தர்மபுரி: வீட்டு மனை வாங்கப் போனால் புரோக்கர் முதலில் காட்டுவது வரைபடத்தில் பச்சை கலரில் இருக்கும் 'பார்க்'. குடி வந்த பிறகு பார்த்தால் பல லே-அவுட்களில் அது சுவரோரம் ரயில் பெட்டி மாதிரி நீட்டமாக கிடக்கும் துண்டு நிலம். முள்செடியும் குப்பையும்தான் மிச்சம்.

2019ம் ஆண்டு கட்டிட விதிகள்படி, 10 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் ரோடு போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தை பொது இடமாக உள்ளாட்சிக்கு தானமாக எழுதித் தர வேண்டும். மனை வாங்கியவர்கள் கொடுத்த காசில்தான் அந்த இடமும் வந்தது. அதை விட்டுவிட்டால் ஆக்கிரமிப்புதான்.

குறுகிய இடத்தில் பெரும்பாலும் செய்யும் தப்பு, நட்ட நடுவில் நேராக நடைபாதை போடுவது. இரண்டு பக்கமும் உட்காரக்கூட இடம் இருக்காது. ஒரே ஒரு கேட், சுற்றிலும் ஆளுயர சுவர் என்றால் கடைசி மூலை யார் கண்ணிலும் படாது. இருட்டினால் பாட்டில் சத்தம்தான். பெண்கள் வாக்கிங் வருவார்களா?

பாதையை ஒரு ஓரமாக ஒதுக்கினால் மறுபக்கம் இடம் கிடைக்கும். அதை மூன்றாகப் பிரித்து கேட் அருகே குழந்தைகளுக்கு ஊஞ்சல், நடுவில் பெரியவர்களுக்கு பெஞ்ச், கடைசியில் உடற்பயிற்சி இடம் வைக்கலாம். இரண்டு முனையிலும் கேட், சுவருக்குப் பதில் கம்பி வேலி, நல்ல வெளிச்சம். மேற்கு ஓரம் வேம்பும் புங்கனும் நட்டால் சாயங்கால வெயில் அடிக்காது.

அடுத்த பிரச்சினை தண்ணீர். தர்மபுரி மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமை தாண்டிய தண்ணீரை தொடர்ந்து குடித்தால் பல்லில் கறை விழும், எலும்பும் பாதிக்கும். இதற்காகத்தான் 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் வந்தது. அந்த குடிநீரை புல்தரைக்கு பாய்ச்சுவது நியாயமா? புல்லைக் குறைத்து, பாதையில் ஓடும் மழைநீரை மரத்தடி குழிக்கு திருப்பினால் போதும். போர் குழாயில் 'குடிக்க அல்ல' என்று பெரிதாக எழுத வேண்டும். விளையாடும் பிள்ளைகளுக்கு தாகம் எடுத்தால் எந்த குழாய் என்று பார்க்காது.

நீட்ட இடம் பூங்காவுக்கு ஆகாது என்பதும் தப்பு. அமெரிக்காவின் நியூயார்க்கில் சரக்கு ரயில் ஓடி நின்றுபோன மேம்பாலம் 2009ல் பூங்காவாக திறக்கப்பட்டது. இப்போது அதன் நீளம் சுமார் 2.3 கிலோமீட்டர். பாலத்தை இடிக்கக் கூடாது என்று அக்கம்பக்கத்தினர் 1999ல் ஆரம்பித்த அமைப்புதான் இன்றைக்கும் அதை பராமரிக்கிறது.

இங்கே அவ்வளவு பெரிய செலவு தேவையில்லை. கேட்டை காலையில் திறந்து இரவில் பூட்டவும், செடிக்கு தண்ணீர் விடவும் ஒரு ஆள் வேண்டும். அவருக்கு சம்பளம் யார் தருவது என்பதை டெண்டர் விடும் முன்பே முடிவு செய்யாவிட்டால், ரிப்பன் வெட்டிய ஆறு மாதத்தில் மறுபடியும் முள்செடிதான். உள்ளாட்சி நிர்வாகமும் குடியிருப்போர் சங்கங்களும் உட்கார்ந்து பேசுமா?